ஒரு மடி அரிசி

ஆகஸ்ட் 17

இன்னாசி வந்திருந்தார். ஆட்டோ ஓட்டுகிறவர். தஞ்சாவூரிலிருந்து வேளாங்கண்ணிக்கு நடந்து போகும் எங்கள் பங்குக் கோயில் குழுவுக்கு ஒவ்வொரு வருஷமும் அவர்தான் தலைவர். நானும் வருகிறேன் என்றதும் நாற்காலியின் நுனிக்கு வந்துவிட்டார்.

"அம்மா, சாமான் ஏத்துற வேன்ல முன்சீட்டு போட்டுத் தர்றேன். அதுல வந்துடுங்க."

"வேனே வேண்டாம். அவரவர் சாமானை அவரவர் தூக்கட்டும். தூக்க முடியாததை வீட்டில் வைத்துவிட்டு வரட்டும்."

மற்ற நிபந்தனைகளையும் சொன்னேன். ஆளுக்கொரு எவர்சில்வர் தட்டு, டம்ளர். தண்ணீர் பாட்டில், பிளாஸ்டிக் கப் எதையும் தொடக்கூடாது. நமக்கு முன்னால் போனவர்கள் போட்டதையும் முடிந்தவரை சாக்கில் பொறுக்கிக்கொண்டு போக வேண்டும். போன வருஷம் கூட்டம் கடந்த பிறகு அந்தச் சாலையைப் பேருந்திலிருந்து பார்த்தேன். வாய்க்காலில் தண்ணீர் ஓடுவதே தெரியவில்லை, எச்சில் தட்டுகள்தான் மிதந்தன. தாயைப் பார்க்கப் போகிறவர்கள் தாய் வீட்டு வாசலில் செய்கிற காரியமா அது?

"நீங்க சொன்னா சரிதாம்மா. நேர்ச்சை என்னன்னு சொல்லலையே?"

"நடப்பது" என்றேன்.

அது பாதிதான். மீதி மடிப்பிச்சை. நேர்ச்சை என் கணவர் வைத்தது. வேளாங்கண்ணிக்கு நடந்து போய், கொடியேற்றத்துக்கு முன், முன்பின் தெரியாதவர்கள் வீட்டு வாசலில் நின்று மடி நிறைய அரிசி பிச்சை கேட்டு வாங்கி மாதாவுக்கு வைப்பது. அதைச் செய்வதற்குள் தவக்காலத்தில் அவர் போய்விட்டார். ஆஸ்பத்திரியில் என்னைப் பார்த்து, "நீ முடிச்சிடு ஜெனோவா" என்றார். நான் பதில் சொல்வதற்குள் நர்ஸ் வந்து என்னை வெளியே போகச் சொன்னாள்.

எதற்காக வைத்த நேர்ச்சை என்பது இங்கே தேவையில்லை.

ஆகஸ்ட் 19

லீமா போன் செய்தாள். மகள் என்பதால் அதிகாரம். "ஆபரேஷன் ஆன உடம்பும்மா. கார் அனுப்புறேன். காலையில போயிட்டு சாயங்காலம் வந்துடலாம்." கார் அனுப்பினால் அதில் வாழைத்தார் ஏற்றித் திருப்பி அனுப்புவேன் என்றேன். சிரித்தாள். பிறகு, "அப்பா இருந்தா விடுவாங்களாம்மா?" என்று கேட்டாள். அடுப்பில் பால் இருப்பதாகச் சொல்லி வைத்துவிட்டேன்.

ஆகஸ்ட் 21

பருத்திப் புடவை இரண்டு, துண்டு, ஜெபமாலை, மாத்திரைகள், இந்த டைரி. பை கனமில்லை.

மரியபுஷ்பமும் வருகிறாளாம். பங்கின் ஏழைகள் சபை சார்பில் மாதாமாதம் நான் அரிசி கொடுப்பவர்களில் ஒருத்தி. வாய் அதிகம். வரிசையில் நிற்கும்போதே நாலு பேரிடம் சண்டை போடுவாள். வேறு ஆளே கிடைக்கவில்லையா என்று இன்னாசியிடம் கேட்டேன். "கோயிலுக்குப் போறவங்களை எப்படிம்மா வேணாங்கறது" என்றார். அதுவும் சரிதான்.

ஆகஸ்ட் 22, சாலியமங்கலம்

விடியற்காலைப் பூசை முடிந்ததும் கிளம்பினோம். ஊரைத் தாண்டியபோது வெளிச்சம் வந்தது. இந்தச் சாலையில் எத்தனையோ முறை பேருந்தில் போயிருக்கிறேன், ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு. வயல் என்றால் பச்சையாக ஒன்று பின்னால் ஓடும், அவ்வளவுதான். இன்று நடந்தபோது அது ஓடவில்லை. நின்றது. ஒவ்வொரு கதிரிலும் பனி இருந்தது. வெயில் பட்டதும் வயல் முழுவதும் ஒரே நொடியில் பற்றிக்கொண்டது போல ஆயிற்று. கொக்குகள் எழுந்தன. ஜெபமாலை சொல்லிக்கொண்டு வந்தவர்கள் பாதி அருள்நிறை மந்திரத்தில் நிறுத்திவிட்டார்கள். வழக்கமாக நான் கண்டிப்பேன். இன்று நானும் நிறுத்தியிருந்தேன்.

சாக்கு மத்தியானத்துக்குள் நிறைந்துவிட்டது. புஷ்பம் பொறுக்கிய பாட்டில் ஒன்றைத் தன் பைக்குள் தள்ளினாள்.

"அது என்ன?"

"நல்ல பாட்டிலும்மா. மண்ணெண்ணெய் ஊத்தி வைக்கலாம்."

"சாக்கில் போடு."

"சாக்குல போனா குப்பை. எங்க வீட்டுக்குப் போனா பாட்டில்."

யோசித்துப் பார்த்தால் தவறில்லை. ஆனால் அவளிடம் அதைச் சொல்லவில்லை.

மடிப்பிச்சையை இன்று தொடங்கவில்லை. ஊருக்கு மிகவும் பக்கம். தெரிந்தவர்கள் இருப்பார்கள்.

ஆகஸ்ட் 23

குதிகாலில் கொப்புளம். நாளைக்குக் கேட்கலாம்.

ஆகஸ்ட் 24, நீடாமங்கலம்

சாக்குகளை ஊராட்சியின் குப்பை தரம் பிரிக்கும் கொட்டகையில் கொண்டுபோய் இறக்கினோம். பச்சைச் சட்டை போட்ட பெண் ஒருத்தி இடுப்பில் கை வைத்துக்கொண்டு பார்த்தாள். "எங்க ஊரு குப்பை பத்தலைன்னு தஞ்சாவூர்லேருந்து வேற கொண்டாந்தீங்களா?" இன்னாசி கைகூப்பினார். "வேண்டுதல் தாயி." "எங்க தலையில கொட்டுறதா வேண்டுதலு?" என்றாள். பிறகு அவளே வந்து என் தோளிலிருந்த சாக்கை இறக்கினாள்.

இன்னொன்றையும் எழுத வேண்டும். கடைத்தெரு தாண்டி ஒரு வீட்டு வாசலில் ஓர் அம்மாள் குடத்தோடு நின்றாள். நெற்றி நிறையக் குங்குமம், கழுத்தில் மஞ்சள் கயிறு. குடத்தில் மஞ்சள் நீர். எங்கள் கூட்டத்தில் ஒவ்வொருவரையும் நிறுத்திக் காலில் ஊற்றினாள். குனிந்து கையால் தேய்த்தும் விட்டாள். என் முறை வந்தபோது, "பரவாயில்லை, நானே கழுவிக்கொள்கிறேன்" என்றேன்.

"நீங்க கழுவுனா அது குளியலுங்க. நான் கழுவுனாத்தான் புண்ணியம். காலைக் குடுங்க."

கொடுத்தேன். கொப்புளத்தைப் பார்த்துவிட்டு அந்த இடத்தில் மட்டும் மிக மெதுவாக ஊற்றினாள். எந்த ஊர், என்ன பெயர் என்று எதுவும் கேட்கவில்லை. அவள் வேளாங்கண்ணிக்குப் போனதே இல்லையாம். "வழியில இருக்கோம், போறவங்களுக்கு ஊத்துறோம்" என்றாள். அந்தச் சாலையில் கணக்கில்லாத கால்கள் போய்க்கொண்டிருந்தன. அத்தனைக்கும் ஊற்றுவாளா? ஊற்றுவாள் என்றுதான் தோன்றியது.

நாளை கட்டாயம் கேட்க வேண்டும்.

ஆகஸ்ட் 25, கொரடாச்சேரி

கேட்டேன். நடந்ததை அப்படியே எழுதுகிறேன்.

குழுவை முன்னால் போகச் சொல்லிவிட்டு ஒரு தெருவுக்குள் திரும்பினேன். ஓட்டு வீடு, சுத்தமான வாசல். முந்தானையை மடித்துப் பிடித்துக்கொண்டு, "வேளாங்கண்ணி மாதாவுக்கு நேர்ச்சை இருக்கிறது. அரிசி தர வேண்டும்" என்றேன். உள்ளேயிருந்து ஒருவர் அவசரமாகச் சட்டையைப் போட்டுக்கொண்டு வந்தார்.

"வாங்கம்மா, உட்காருங்க. எந்தக் கோயில் கட்டடத்துக்கு வசூல் பண்றீங்க?"

"வசூல் இல்லை. நேர்ச்சை."

"ரசீது புக்கு வச்சிருக்கீங்கள்ல? பேரு போட்டுக் குடுத்துடுங்க, போன தடவை குடுத்ததுக்கே ரசீது வரலை."

அவர் மனைவி நாற்காலியைத் துடைத்துப் போட்டு, காபி கலக்க உள்ளே போனாள். குடித்துவிட்டு வந்தேன். வேறென்ன செய்வது?

அடுத்த வீட்டில் ஒரு பெண் என்னைப் பார்த்ததுமே கணவனைக் கூப்பிட்டு, "என்னாங்க, கணக்கெடுக்க வந்திருக்காங்க, ரேஷன் கார்டை எடுங்க" என்றாள்.

தெரு முனையில் புஷ்பம் நின்றிருந்தாள். பின்னாலேயே வந்திருக்கிறாள். வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள்.

"என்ன சிரிப்பு?"

"நீங்க கேட்டா வரி கட்டச் சொல்ற மாதிரி இருக்கும்மா. தர வேண்டுங்கறீங்க. பிச்சை போடுங்க தாயேன்னு சொல்லணும்."

"அதைச் சொல்லாமல் கேட்கக்கூடாதா?"

"அய்யா என்ன சொல்லி நேந்துக்கிட்டாரு? பிச்சைன்னுதானே?"

அய்யாவின் நேர்ச்சை இவளுக்கு எப்படித் தெரியும்? கேட்கவில்லை. வேகமாக நடந்தேன், கொப்புளத்தோடு.

ஆகஸ்ட் 26, திருவாரூர்

இங்கே முடியாது. லீமாவின் மாமியார் வீடு இந்த ஊரில்தான்.

மழை. பள்ளிக்கூட வராந்தாவில் ஒதுங்கினோம். கோயில் குளத்தை ஒட்டி நடந்து வந்தபோது முதல் தூறல் விழுந்தது. கடல் மாதிரி அகன்ற அந்தக் குளத்தில் ஒவ்வொரு துளிக்கும் ஒரு வட்டம், வட்டத்துக்குள் வட்டம், கண்ணுக்கு எட்டியவரை. கரையில் வாயைத் திறந்துகொண்டு நின்றதில் முழுக்க நனைந்துவிட்டேன். இன்னாசி, "அம்மா, சளி பிடிக்கும்" என்று அதட்டினார். என்னை அதட்ட ஒருவருக்குத் தைரியம் வந்திருக்கிறது.

சாப்பாட்டுக்கு உட்கார்ந்தபோது புஷ்பத்திடம் கேட்டேன். "கடையில் அரிசி வாங்கி மடியில் கட்டிக்கொண்டுபோய் வைத்தால் மாதா வேண்டாம் என்றா சொல்வாள்?"

"மாதா சொல்ல மாட்டா. அய்யா சொல்லுவாரு."

"உனக்கு யார் சொன்னது இதெல்லாம்?"

"நீங்க ஆஸ்பத்திரில படுத்திருந்தப்ப கோயில்ல மாதா கெபிக்கு முன்னால நின்னு அழுவாரும்மா. தினமும் வருவாரு. நான் கெபி பெருக்கிட்டிருப்பேன். ஒரு நாளு என்கிட்டயே கேட்டாரு. மடிப்பிச்சை எப்படி எடுக்கணும் புஷ்பம், ஆம்பளைக்கு முந்தானை கிடையாதே, வேட்டியில வாங்கலாமான்னு. அவ பொழைச்சு எந்திரிச்சா வீடு வீடாப் போவேன்னாரு."

"சாப்பிடு. ஆறுகிறது" என்றேன்.

அவர் அழுததை நான் பார்த்ததில்லை. ஆஸ்பத்திரிக்கு வரும்போதெல்லாம் புதிதாகச் சவரம் செய்துகொண்டு, எதையாவது சொல்லிச் சிரித்துக்கொண்டுதான் வருவார். என் கட்டிலுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து எனக்கு வந்த கஞ்சியை அவர் குடித்துவிடுவார். பொறுப்பில்லாத மனிதர் என்று நினைத்துக்கொள்வேன்.

மழை விடவில்லை.

ஆகஸ்ட் 27, கீழ்வேளூர்

எங்கிருந்தெல்லாமோ வந்த குழுக்கள் இங்கே ஒன்றாகச் சேர்ந்துகொண்டன. திருச்சி, மதுரை, பெயர் தெரியாத ஊர்கள். மாதாவுக்கு நேர்ந்து உடுத்திய காவி, முன்னாலும் பின்னாலும், சாலை முழுவதும் ஒரே நிறத்தில் நகர்கிறது. ஊன்றுகோலோடு ஒருவர். சிறிய தேரை இழுத்துக்கொண்டு சிலர். பச்சைக் குழந்தையைத் தோளில் துணித்தூளி கட்டிச் சுமக்கிற தாய். எல்லோரிடமும் ஏதோ ஒரு காரணம் இருக்கிறது. யாரும் அதைச் சொல்வதில்லை. இத்தனை காரணங்கள் ஒரே திசையில் நடப்பதைப் பார்க்க உடம்பு சிலிர்த்தது.

ஓர் ஓரமாகக் குனிந்து கப்புகளைப் பொறுக்கிக்கொண்டிருந்தேன். சேறு பட்ட புடவை, தோளில் சாக்கு. ஸ்கூட்டரில் போன ஒருவர் நிறுத்தி, என் கையில் ஒரு நாணயத்தை வைத்து, "டீ குடிங்கம்மா" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார்.

புஷ்பத்துக்கு ஒரே மகிழ்ச்சி. "பாத்தீங்களா, கிடைச்சிடுச்சு! முடிச்சுக்கலாம்!"

இல்லை. நான் கேட்கவில்லை. கேட்காமல் வந்தது பிச்சை ஆகாது. அவர் கேட்டு வாங்குவதாகத்தான் நேர்ந்துகொண்டார். நாணயத்தை வழியிலிருந்த சிறு குருசடிக் கோயில் உண்டியலில் போட்டேன். இதில் சலுகை எடுத்துக்கொள்ள முடியாது.

ஆகஸ்ட் 28, நாகப்பட்டினம்

ஊருக்குள் நுழையும் இடத்தில் ஒரு முஸ்லிம் குடும்பம் பந்தல் போட்டு அண்டாவில் தேங்காய்ச் சோறு வைத்திருந்தது. பக்கத்தில் தெர்மாகோல் தட்டுகள் அடுக்காக இருந்தன. நான் வாயைத் திறப்பதற்குள் இன்னாசி எங்கள் எவர்சில்வர் தட்டுகளை வரிசையாக நீட்டிவிட்டார். தலைவர் போலிருந்த பெரியவர் தட்டுகளைப் பார்த்தார், தன் அடுக்கைப் பார்த்தார். "அடுத்த வருஷம் வாழையிலை போட்டுடணும் பாய்" என்று இன்னாசி என் குரலிலேயே சொல்லிக் காட்ட, பெரியவர் கோபித்துக்கொள்ளாமல் வாய்விட்டுச் சிரித்தார். "சரிம்மா, சொல்லிட்டீங்கள்ல, போட்டுடுவோம்" என்று என்னைப் பார்த்துச் சொன்னார். நான் ஒரு வார்த்தை பேசவில்லை. என் முகம் பேசியிருக்க வேண்டும்.

நாளை சாயங்காலம் கொடி. அதற்கு முன் மடி நிறைய வேண்டும். மடியில் ஒரு மணி அரிசி இல்லை.

பயம் என்று எழுதத் தயக்கமாக இருக்கிறது. கால் வலி என்று எழுதுகிறேன்.

ஆகஸ்ட் 30, வேளாங்கண்ணி

நேற்று எழுதவில்லை. இன்று எழுதுகிறேன்.

காலையில் நாகப்பட்டினத்தை விட்டுக் கிளம்பும்போதே புஷ்பத்திடம் சொல்லிவிட்டேன். "நீ கூட வா. சிரிக்கக்கூடாது." வேளாங்கண்ணியின் விளிம்புக்கு வந்தபோது வெயில் சாய ஆரம்பித்திருந்தது. குழு நேரே கோயிலுக்குப் போயிற்று. நாங்கள் கடற்கரைப் பக்கத்துத் தெருவுக்குள் திரும்பினோம்.

முதல் வீட்டில் ஒரு பெண் வாசலில் உட்கார்ந்து மீன் ஆய்ந்துகொண்டிருந்தாள். நான் முந்தானையை விரித்துப் பிடித்தேன். நின்றேன். அவள் நிமிர்ந்து பார்க்கவில்லை. மீனின் செதில்கள் அரிவாள்மணையிலிருந்து தெறித்துக்கொண்டே இருந்தன. புஷ்பம் என் முதுகைத் தொட்டாள்.

"மாதாவுக்கு மடிப்பிச்சை போடுங்க தாயே."

யாருடைய குரலோ என்று நினைத்தேன்.

அவள் எழுந்தாள். கையைக் கழுவினாள், ஒரு முறைக்கு இரண்டு முறை, மீன் வாடை போக. உள்ளே போய் இரண்டு கையும் சேர்த்து அரிசி அள்ளி வந்தாள். போடவில்லை. கையில் வைத்துக்கொண்டே கேட்டாள்.

"யாருக்காக அம்மா?"

"என் வீட்டுக்காரருக்காக."

"பேரு? பேரு சொன்னாத்தானே வேண்டிக்கிட்டுப் போடலாம்."

எங்கள் பக்கத்தில் மனைவி கணவர் பெயரைச் சொல்வதில்லை. கான்வென்டில் படித்தும் நான் அந்த வழக்கத்தை விட்டதில்லை. விண்ணப்பப் படிவங்களில் எழுதியிருக்கிறேன். வாயால் சொன்னதில்லை.

"சவரிராயன்" என்றேன்.

"சவரிராயன்" என்று அவள் திருப்பிச் சொன்னாள், கண்ணை மூடிக்கொண்டு. பிறகு அரிசியைக் கண்ணில் ஒற்றி என் மடியில் இட்டாள். நான் குனிந்து நின்றிருந்ததால் அவள் முகம் எனக்கு மேலே இருந்தது. எத்தனையோ வருஷமாக அரிசி கொடுக்கிறேன். கொடுக்கிறவரின் முகத்தைக் கீழேயிருந்து பார்த்ததில்லை. அது இவ்வளவு பெரிதாக இருக்கும் என்று தெரியாது. அவளுக்குப் பின்னால் ஆகாயம் மட்டும் இருந்தது.

மடியில் அந்த அரிசி வெதுவெதுப்பாக இருந்தது.

இரண்டாவது வீட்டில் ஒரு பெரியவர். யாருக்காக என்று கேட்டார். சொன்னேன். "என்ன வேலையில இருந்தாரு?" ரயில்வேயில் டிக்கெட் பரிசோதகர் என்றேன். டிக்கெட் இல்லாமல் வருகிறவர்கள் அழுதால் இவரும் கலங்கி, அடுத்த நிலையத்தில் இறங்கித் தன் கைக்காசில் டிக்கெட் எடுத்துக் கொடுத்துவிட்டு வருவார் என்பதையும் சொன்னேன். அதைச் சொல்ல வேண்டிய அவசியம் இல்லை. ஆனால் அவர் கேட்டுக்கொண்டிருந்தார்.

அடுத்த வீட்டில் மாமியாரும் மருமகளும் படலருகே வந்து நின்றார்கள். தயிர்ச் சோற்றில் சர்க்கரை போட்டுக்கொள்வார் என்றேன். "அய்யே" என்றாள் மருமகள். "நானும் அதைத்தான் சொல்வேன், நாற்பது வருஷமாகச் சொன்னேன்" என்றேன். மூவரும் சிரித்தோம். புஷ்பத்தைச் சிரிக்கக்கூடாது என்று சொல்லியிருந்ததால் அவள் திரும்பி நின்றுகொண்டாள். தோள் குலுங்கியது.

அவர் போன பிறகு வீட்டுக்கு வந்தவர்கள் எத்தனையோ பேர். எல்லோரையும் உட்காரவைத்து, காபி கொடுத்து, நன்றி சொல்லி அனுப்பினேன். அவர்களும் என்னைப் பார்த்து எதுவும் கேட்கவில்லை. கேட்கும்படி நான் இருந்திருக்கமாட்டேன்.

ஒவ்வொரு வாசலிலும் அதே கேள்வி. யாருக்காக அம்மா? நான் சுருக்கமாகத்தான் சொன்னேன். புஷ்பம் இல்லை என்கிறாள்.

"அம்மா, மடி நிறைஞ்சிடுச்சு. தளும்புது பாருங்க. நேர்ச்சை முடிஞ்சுபோச்சு. கொடி ஏத்திடுவாங்க, வாங்க."

"இந்த ஒரு வீடு."

"எதுல வாங்குவீங்க?"

"உன் மடியைப் பிடி."

அவள் என்னை ஒரு நிமிஷம் பார்த்தாள். பிறகு தன் முந்தானையை விரித்துக்கொண்டு பக்கத்தில் வந்து நின்றாள்.

அது கூரை வீடு. என் வயதுக்காரி ஒருத்தி வாசற்படியில் வலைத் துண்டை விரித்துப் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். யாருக்காக என்றாள். இடம் ஒதுக்கினாள். மடியைத் தாங்கிக்கொண்டு அவள் பக்கத்தில் உட்கார்ந்தேன். என்ன வேண்டுதல் என்றாள். நான் பிழைக்க வேண்டும் என்று அவர் வேண்டிக்கொண்டது என்றேன். என் ஆபரேஷனைப் பற்றிச் சொன்னேன். லீமாவிடமும் அவ்வளவு சொன்னதில்லை. அதன் பிறகு பல மாதம் இடது கையைத் தூக்க முடியாமல் இருந்ததையும், தினமும் காலையில் அவர்தான் எனக்குத் தலை வாரிவிட்டதையும் சொன்னேன். சீப்பைப் பேனா மாதிரி பிடிப்பார். வகிடு ஒருநாள்கூட நேராக வந்ததில்லை. பூசைக்குக் கோணல் வகிட்டோடுதான் போவேன். யாராவது பார்த்தால் பார்க்கட்டும் என்று இருப்பேன், நான்.

அப்போது கோயில் பக்கத்திலிருந்து மணிகள் எழுந்தன. தெருவில் இருந்தவர்கள் எல்லோரும் எழுந்து நின்றார்கள். கூரைகளுக்கு மேலே, தென்னைகளுக்கு மேலே, கம்பத்தில் கொடி மெல்ல ஏறுவது இங்கிருந்தே தெரிந்தது. கோபுரத்தின் விளக்குகள் ஒரே நேரத்தில் எரிந்தன. மரியே வாழ்க என்ற சத்தம் கடலிலிருந்து வருவதுபோல வந்தது. தரை அதிர்ந்தது. என் மடியிலிருந்த அரிசியும் அதிர்ந்ததை உணர்ந்தேன். லட்சக்கணக்கான தொண்டைகள், ஒரே சொல். புஷ்பம் அரிசி மடியோடு அப்படியே மண்ணில் முழந்தாள் போட்டாள். நான் சிலுவை போட்டுக்கொண்டேன். இடது கையால் மடியைப் பிடித்திருந்தேன்.

சத்தம் அடங்க நேரமாயிற்று.

அந்த அம்மாள் கொடியின் பக்கம் திரும்பவே இல்லை. என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"அப்புறம்?" என்றாள். "வகிடு கோணலா எடுப்பாருன்னீங்க. அப்புறம்?"

சொன்னேன்.